கோழித் தொடை முதல் வெட்டுக்கிளித் தொடை வரை: தொட்டுப் பார்த்துக் கற்க ஒரு முழு வழிகாட்டி

பதினோராம் வகுப்பில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகளிடம் கரப்பானின் காலைப் பற்றிக் கேட்டால் உடம்பிலிருந்து நுனி வரை காக்சா, ட்ரொக்கான்டர், ஃபீமர் (தொடை), டிபியா (கெண்டைக்கால்), டார்சஸ் (பாதம்) என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகளிடம் கோழியின் முழங்கால் எங்கே என்று கேட்டால், செதில் மூடிய காலுக்கு மேலே பின்பக்கமாக மடங்கும் இடத்தைக் காட்டுவார்கள். அது கோழியின் குதிகால். உண்மையான முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. தொடை அதற்கும் மேலே, உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. மனப்பாடம் செய்த படத்துக்கும் கண்ணெதிரே நடமாடும் காலுக்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியைத்தான் இங்கே அடைக்கப் போகிறோம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஆய்வகம் வேண்டாம். கோழிக்கடை, வாரச்சந்தை, ஒரு எருக்கஞ்செடி, ஒரு மாந்தோப்பு போதும். கையில் ஒரு லென்ஸ், தையல்காரர் டேப், சின்னக் கத்தி, பழைய தட்டு, சோப்பு இருக்கட்டும்.

தொடங்கும் முன் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பிகளின் தொடையில் எலும்பு உள்ளே, தசை வெளியே. பூச்சியின் தொடையில் கெட்டியான ஓடு வெளியே, தசை உள்ளே. பெயர் ஒன்றுதான், வேலையும் ஏறக்குறைய ஒன்றுதான், கட்டுமானம் மட்டும் தலைகீழ். இனி வருகிற எல்லாவற்றையும் இதை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

முதல் படி: உங்கள் சொந்தத் தொடை

நேராக நில்லுங்கள். உள்ளங்கையை இடுப்பின் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டின் மேல் வையுங்கள். எடையை ஒரு காலில் தாங்கிக்கொண்டு, கை வைத்த பக்கத்துப் பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். கைக்கு அடியில் ஒரு எலும்பு மேடு உருளும். தொடையெலும்பின் பெரிய ட்ரொக்கான்டர் அதுதான். "இடுப்பெலும்பில் இடித்துக்கொண்டேன்" என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் தேய்த்துவிடுவது இந்த மேட்டைத்தான்.

இந்த மேட்டிலிருந்து உள்பக்கமாக, மேல்நோக்கிச் சாய்ந்து போவது கழுத்து. அதன் நுனியில் உருண்டையான தலை. அது இடுப்பெலும்பின் கிண்ணக்குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்தவர்களுக்குக் கழுத்தும் தண்டும் சுமார் 125 முதல் 130 டிகிரி கோணத்தில் சேர்கின்றன. டேப்பை மேட்டில் வைத்து முழங்கால் மூட்டின் வெளிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். உங்கள் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு வரும். உடம்பிலேயே நீளமான எலும்பு இதுதான்.

வயதானவர்கள் வழுக்கி விழுந்து "இடுப்பு உடைந்துவிட்டது" என்று சொன்னால், உடைந்தது பெரும்பாலும் இந்தக் கழுத்துப் பகுதிதான். அந்த உருண்டைத் தலைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் முக்கியமானவை கழுத்தை ஒட்டியே ஏறிப்போகின்றன. கழுத்து விலகி உடைந்தால் அவையும் அறுந்து, தலை உயிரற்றுப் போகும் ஆபத்து இருக்கிறது. இந்த முறிவை வெளியே கட்டும் கட்டு எட்டாது என்பது என் உறுதியான கருத்து. கை மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட இடத்துக்கே இதற்கும் போகலாம் என்று நினைத்து நாளைக் கடத்தாமல், எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து தசைகள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுங்கள். தொடையின் முன்பக்கம் இறுகும். அங்கே நான்கு தசைகள் ஒன்றாகச் சேர்ந்து முழங்கால் சில்லைப் பிடித்து இழுக்கின்றன. ஜிம்முக்குப் போகிறவர்கள் சொல்லும் குவாட்ஸ் இவைதான். குதிகாலை நாற்காலிக் காலின் மேல் பின்னோக்கி அழுத்துங்கள். பின்தொடை இறுகும், முழங்காலின் பின்பக்கம் இரண்டு ஓரங்களிலும் தசைநாண்கள் விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு புத்தகத்தை வைத்து நெருக்கினால் உள்தொடைத் தசைகள் வேலை செய்வது தெரியும். முன், பின், உள் என்ற இந்த மூன்று பிரிவுகளும் கோழியிலும் ஆட்டிலும் திரும்ப வரும்.

கைக்குழந்தைகளுக்கு 6, 10, 14 வாரங்களில் பென்டாவேலன்ட் ஊசியைத் தொடையின் முன்-வெளிப்பக்கத்தில் போடுவதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. அங்கே தசை தடிப்பாக இருக்கிறது. பெரிய நரம்போ பெரிய ரத்தக்குழாயோ அருகில் இல்லை. தொடையின் முக்கியத் தமனி கவட்டியின் நடுவிலிருந்து உள்பக்கமாக இறங்குகிறது. காலின் பெரிய நரம்பான சயாட்டிக் நரம்பு பின்பக்கமாகப் போகிறது.

நம் மாவட்டங்களில் எலும்பைப் பற்றிப் பேசினால் ஃப்ளோரைடைத் தாண்டிப் போக முடியாது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடங்களில் அதிகபட்சமாக 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. பாறை நிலத்தில் ஆழமாகப் போட்ட பல போர்வெல்களில் இது அதற்கும் மேலே. ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல்லில் கறை படிவதோடு நிற்பதில்லை. எலும்பு அடர்த்தியாகும், ஆனால் எளிதில் நொறுங்கும். தசைநாண் ஒட்டும் இடங்களில் சுண்ணாம்பு படியும். முழங்காலும் இடுப்பும் விறைக்கும். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் குழந்தைகளுக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளைவதும் உண்டு. 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது.

இரண்டாம் படி: கோழிக்கடை

கடைக்காரரிடம், "அண்ணா, ஒரு முழுக் காலை வெட்டாம, முதுகுப் பக்கத்தோட சேர்த்துக் கொடுங்க. செதில் காலையும் தனியாப் போட்டுடுங்க" என்று கேளுங்கள். கொஞ்சம் ஏற இறங்கப் பார்ப்பார், கொடுத்துவிடுவார்.

தட்டில் வைத்து மூன்று பகுதிகளையும் வரிசைப்படுத்துங்கள். மேலே தடிப்பான, குட்டையான கறிப்பகுதி தொடை. அதற்குள்ளே இருப்பது தொடையெலும்பு. அடுத்து வருவது நாம் லெக் பீஸ் என்று கையில் பிடித்துக் கடிக்கும் கெண்டைக்கால். அந்த எலும்பை ஒட்டி ஊசிபோல் ஒரு மெல்லிய எலும்பு இருக்கும். தொண்டையில் குத்தும் என்று அம்மா எடுத்துப் போடுவாரே, அதுதான் ஃபிபுலா. அதற்கும் கீழே இருக்கும் செதில் காலுக்குள், பாதத்தின் எலும்புகளும் கணுக்காலின் சில எலும்புகளும் ஒன்றாக இணைந்து ஒரே எலும்பாக நீண்டிருக்கின்றன. ஆக, கோழி எப்போதும் குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரலில்தான் நடக்கிறது.

தொடைக்கும் லெக் பீஸுக்கும் நடுவே இருக்கும் மூட்டை மடக்கி நீட்டிப் பாருங்கள். மூட்டின் முன்னால் சின்னதாக முழங்கால் சில்லும் தட்டுப்படும். உயிருள்ள கோழியில் தொடையெலும்பு முன்னோக்கி, ஏறக்குறைய படுக்கைவாட்டில் இருக்கும். காரணம் எளிது. பறவைக்கு எடையெல்லாம் நெஞ்சுப் பக்கம். பின்னால் சமன்செய்யக் கனமான வால் கிடையாது. தொடை முன்னே போனால்தான் பாதம் எடைக்கு நேர் கீழே வந்து நிற்கும்.

தோலை உரித்துவிட்டு, பின்தொடைத் தசைகளைக் கத்தியால் வெட்டாமல் விரலால் பிரியுங்கள். தசைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சவ்வு தானாக விடும். உள்ளே வெள்ளையாக, பளபளப்பாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நாடா ஓடும். அது சயாட்டிக் நரம்பு. இழுத்தால் அறுந்துவிடாமல் கெட்டியாக நிற்பதைக் கவனியுங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு தமனியும் போகும். மனிதனுக்குக் காலின் பெரிய தமனி தொடையின் முன்பக்கமாக வருகிறது. கோழிக்கோ நரம்புடன் சேர்ந்து பின்பக்கமாகவே வருகிறது. கால்நடை மருத்துவர்கள் மேரெக் நோய் வந்து செத்த கோழியை அறுக்கும்போது இந்த நரம்பைத்தான் முதலில் தேடுவார்கள். அந்த நோயில் இது வீங்கித் தடித்திருக்கும்.

பிறகு கறியை வழித்துவிட்டு எலும்பைப் பாருங்கள். பிராய்லர் ஆறு வாரக் குஞ்சு என்பதால் எலும்பின் இரண்டு முனைகளும் இன்னும் வெள்ளைக் குருத்தெலும்பாகவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் பதியும். எலும்பு நீளமாக வளர்வது இந்தப் பகுதியில்தான். பொரித்த கோழியில் எலும்பைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள் அல்லவா? இளம் எலும்பு நுண்துளைகள் நிறைந்தது. உள்ளே இருக்கும் மஜ்ஜையின் நிறம் கசிந்து வெளியே வருவதால்தான் அப்படி இருக்கிறது.

முட்டையிட்டுக்கொண்டிருந்த நாட்டுக்கோழியின் தொடையெலும்பு கிடைத்தால் விடாதீர்கள். உடைத்துப் பார்த்தால் மஜ்ஜை இருக்கும் குழிக்குள் எலும்புத் துகள்போல் ஒரு படிவு இருக்கும். முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைக் கோழி சேர்த்துவைக்கும் இடம் அது; ஓடு உருவாகும்போது கரைத்து எடுத்துக்கொள்ளும். சேவலின் எலும்பில் இது இருக்காது.

மூன்றாம் படி: சந்தையில் ஆடு, தொழுவத்தில் மாடு

வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிச் சந்தைக்கோ ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்கோ போனால் ஆட்டின் பின்னங்காலைப் பார்க்கக் கசாப்புக் கடை தேவையில்லை. பின்பக்கமாக மடங்கித் தெரியும் மூட்டு குதிகால். முழங்கால் அதற்கு மேலே, வயிற்றுக் கோட்டை ஒட்டி இருக்கிறது. தொடையெலும்பு முழுவதும் விலாப்பக்கத் தோலுக்குள் புதைந்துள்ளது. வியாபாரிகள் கை வைத்துப் பார்ப்பது முதுகிலும் தொடையிலும்தான்; எவ்வளவு கறி தேறும் என்று சொல்லிவிடும் இடங்கள் அவை. ஆட்டுக்கால் பாயாவில் தொடை கிடையாது. அதில் போவது கணுக்காலுக்குக் கீழே உள்ள எலும்பும் குளம்பும்.

கறிக்கடையில் தொடையெலும்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். நடுத்தண்டில் சுவர் கெட்டியாக, உள்ளே கூடாக இருக்கும், அதில் மஜ்ஜை. நல்லி எலும்பு உறிஞ்சுபவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முனைகளில் மட்டும் உள்ளே கடற்பஞ்சு எலும்பு. உருண்டைத் தலையின் மேல் ஒரு சிறு குழியும் அதில் ஒட்டிய ஒரு நாரும் இருக்கும். தலையை இடுப்புக் குழியோடு இணைத்த தசைநார் அது. இளங்குட்டியாக இருந்தால் தலைக்குக் கீழே குறுக்காக ஒரு குருத்தெலும்புக் கோடும் தெரியும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். சில மாடுகள் எழுந்து நடக்கும்போது பின்னங்காலை மடக்க முடியாமல் விறைத்து இழுத்து, பிறகு வெடுக்கென்று உதறி நடக்கும். தொடையெலும்பின் கீழ்முனையில் முழங்கால் சில்லு வழுக்கி ஓட ஒரு பள்ளமும், பள்ளத்தின் இரண்டு பக்கமும் மேடும் உண்டு. சில்லு மேலே போய் உள்பக்க மேட்டில் மாட்டிக்கொண்டால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். வாதம் என்று சூடு போடுவதால் சில்லு இறங்காது. மாட்டுக்கு வலிதான் மிச்சம். கால்நடை மருத்துவர் சில்லின் உள்பக்கத் தசைநாரைச் சின்ன அறுவையில் வெட்டிவிட்டால் பூட்டு விட்டுவிடும்.

நான்காம் படி: போகிற போக்கில் சில தொடைகள்

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராகி வயலுக்கு யானை வந்தால் கிட்டே போய்ப் பார்க்கச் சொல்ல மாட்டேன், வீடியோ போதும். யானையின் பின்னங்காலில் முழங்கால் நம்முடையது போலவே தாழ்வாக, தெளிவாகத் தெரியும். அதன் தொடையெலும்பு நீளமானது, ஏறக்குறைய செங்குத்தாக நிற்பது. வளர்ந்த ஆண் யானையில் ஒரு மீட்டரை எட்டும்.

ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் இதற்கு நேரெதிர். முதலை படுத்து ஊரும்போது தொடை பக்கவாட்டில் விரிகிறது. வயிற்றைத் தூக்கி நடக்கும்போது தொடை கொஞ்சம் உள்ளே வருகிறது. அந்தத் தொடையைப் பின்னோக்கி இழுக்கும் பெரிய தசை வாலின் அடியிலிருந்து புறப்படுகிறது. அதே ஒகேனக்கல்லில் வறுத்துக் கொடுக்கும் மீனில் தொடையெலும்பைத் தேடாதீர்கள். அடிவயிற்றுத் துடுப்பு முதுகெலும்போடு இணையாமல் தசைக்குள் மிதக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டுப் பல்லி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது மறுபக்கத்திலிருந்து பாருங்கள். ஆணாக இருந்தால் தொடையின் அடியில் வரிசையாகப் புள்ளி வைத்ததுபோல் துளைகள் தெரியும். மெழுகு போன்ற பொருள் சுரக்கும் துளைகள் அவை. மலைப்பாம்புக்குக் கால் இல்லை என்பார்கள். ஆனால் கழிவுத்துளையின் இரண்டு பக்கமும் சிறு முள் இருக்கும், அதற்குள்ளே தொடையெலும்பின் மிச்சம்.

ஐந்தாம் படி: வெட்டுக்கிளி

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு 2020 மே மாதம் நினைவிருக்கலாம். வடக்கே பாலைவன வெட்டுக்கிளிப் படை பற்றியே பேச்சாக இருந்தபோது, வேப்பனப்பள்ளி அருகே நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்தன. மக்கள் பயந்துபோனார்கள். வேளாண் துறையினர் பார்த்துவிட்டு, இது உள்ளூர் இனம், பாலைவன வெட்டுக்கிளி இல்லை என்றார்கள். நீலமும் மஞ்சளும் கலந்த அந்த எருக்கு வெட்டுக்கிளி பார்க்க அழகுதான், ஆனால் நம் வேலைக்கு ஆகாது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் யாருக்கும் பயப்படாது, குதிக்கவும் சோம்பல். அதன் குஞ்சைப் பிடித்தால் திரவத்தைப் பீய்ச்சும். புல்லிலும் நெல் வரப்பிலும் இருக்கும் சாதாரணப் பச்சை அல்லது பழுப்பு வெட்டுக்கிளியை எடுங்கள்.

பின்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ட்ரொக்கான்டரும் ஃபீமரும் சேரும் இடத்தில் காலைத் தானே கழற்றிவிட்டு ஓடிவிடும். வளர்ந்த வெட்டுக்கிளிக்கு அது மறுபடி முளைக்காது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டுப் பாருங்கள். காலைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் ராத்திரி டியூப்லைட் அடியில் செத்துக் கிடப்பது போதும்.

லென்ஸில் பின்னங்காலைப் பாருங்கள். உடம்போடு ஒட்டியது காக்சா, அடுத்து கண்ணுக்கே சரியாகத் தெரியாத ட்ரொக்கான்டர், பிறகு உடம்புப் பக்கம் பருத்து முழங்கால் பக்கம் மெலிந்து போகும் ஃபீமர். அதன் வெளிப்பரப்பில் சாய்வான கோடுகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து நடுவில் கூடும். அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே தசை நார்கள் ஓட்டில் ஒட்டியிருக்கும் வரிசைதான் வெளியே கோடாகத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தே தசையின் அமைப்பைப் படித்துவிடலாம் என்றால், எலும்பு வெளியே இருப்பதன் லாபம் இது.

உள்ளே இரண்டு தசைகள் முக்கியம். டிபியாவை நீட்டும் தசை பெரியது, ஃபீமரின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொள்கிறது. மடக்கும் தசை அதற்கு அடியில் சிறியதாக இருக்கிறது. நீட்டும் தசையின் நார்கள் நடுவே ஓடும் ஒரு தகட்டில் சாய்வாக வந்து சேர்கின்றன. நம் உடம்பில் தசைநாண் செய்யும் வேலையை அங்கே செய்வது அந்தத் தகடு. ஆனால் அது ஓடே உள்நோக்கி மடிந்து வளர்ந்த பகுதி. தோலுரிக்கும்போது அதன் உறையும் சேர்ந்து கழன்று வரும்.

தாவல் நடக்கும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம். வெட்டுக்கிளி முதலில் டிபியாவை முழுக்க மடக்கி ஃபீமரின் அடியில் ஒட்டிவைக்கும். பிறகு நீட்டும் தசை, மடக்கும் தசை இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கும். மடக்கும் தசை சிறியதுதான், ஆனால் முழங்கால் மூட்டுக்குள் இருக்கும் ஒரு மேட்டில் அதன் நாண் மாட்டிக்கொள்வதால் பெரிய தசையின் இழுப்பையும் தாங்கிப் பிடிக்கும். காலில் அசைவே தெரியாது. ஆனால் முழங்காலின் இரண்டு பக்கமும் பிறை வடிவில் இருக்கும் ஓட்டுப் பகுதிகள் வளைந்து, ஆற்றலைச் சேர்த்துவைக்கும். மடக்கும் தசை விட்டதும் சேர்த்தது முழுவதும் 25 முதல் 30 மில்லிவிநாடிக்குள் வெளியே வரும். தசை இவ்வளவு வேகத்தில் நேரடியாகச் சுருங்க முடியாது. அதனால்தான் இந்தச் சேமிப்பு. பாலைவன வெட்டுக்கிளியின் தாவலுக்கு ஆகும் ஆற்றலைப் பென்னட்-கிளார்க் என்ற ஆய்வாளர் 1975-இல் கணக்கிட்டு எழுதினார். பாட்டிலில் இருக்கும் வெட்டுக்கிளியைத் தொந்தரவு செய்தால், தாவும் முன் அது காலை மடக்கி ஒரு கணம் நிற்பதை நீங்களே பார்க்கலாம்.

இன்னும் இரண்டு. காலின் நுனியில் இருக்கும் நகத்தை மடக்கும் தசை டார்சஸில் இல்லை. ஃபீமரிலும் டிபியாவிலும் இருக்கிறது, நீண்ட நாண் வழியாக நகத்தை இழுக்கிறது. அப்புறம், முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று உணரும் உறுப்பும் ஃபீமருக்குள்ளேயே உண்டு. மருத்துவர் முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் நம் கால் துள்ளுகிறதே, அங்கே தசை இழுபடுவதை உணர்ந்து செய்தி அனுப்புவது முன்தொடைத் தசையில் இருக்கும் உணர்விகள். தொடைக்குள் உணர்வி வைக்கும் யோசனை இரண்டு தரப்புக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

ரத்த ஓட்டம் மட்டும் அடியோடு வேறு. பூச்சியின் தொடையில் தமனியும் சிரையும் கிடையாது. ரத்தம் ஓட்டுக்குள் நேராகத் தசையைச் சுற்றிப் பாயும். ஆக்சிஜனைக் கொண்டுவருவது தனியான காற்றுக்குழாய்கள்.

ஆறாம் படி: பட்டுப்புழு, கும்பிடுபூச்சி, மாந்தத்துப்பூச்சி

பட்டுப்புழு வளர்ப்பு மனை அருகில் இருந்தால் போய்வாருங்கள். புழுவின் மார்பில் மூன்று ஜோடிக் கால்கள் கணுக்களோடு இருக்கும். வயிற்றில் நான்கு ஜோடியும் கடைசியில் ஒரு ஜோடியுமாகச் சதைப்பற்றாக இருப்பவை பொய்க்கால்கள். அவற்றில் தொடையும் இல்லை, முழங்காலும் இல்லை. கூட்டிலிருந்து அந்துப்பூச்சியாக வரும்போது பொய்க்கால்கள் போயிருக்கும்.

கும்பிடுபூச்சியின் முன்னங்காலில் பலரும் தொடை என்று குறிப்பது நீண்ட காக்சாவை. ஃபீமர் அதற்கு அடுத்தது, அடியில் முள்வரிசையும் நடுவே பள்ளமும் உள்ளது. டிபியா மடக்குக்கத்திபோல அந்தப் பள்ளத்தில் வந்து விழும், இரை நடுவில்.

மா பூக்கும் காலத்தில் மரத்தடியில் நின்றால் முகத்தில் வந்து மோதும் தத்துப்பூச்சியைப் பிடித்து லென்ஸில் பாருங்கள். இவ்வளவு நன்றாகக் குதிக்கிறதே, தொடை தடிப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். மெலிந்துதான் இருக்கும். அதன் குதிக்கும் தசை தொடையில் இல்லை, மார்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து ட்ரொக்கான்டரை இழுத்துக் காலை வீசுகிறது. தாவுகிற பூச்சி எல்லாவற்றுக்கும் தொடைதான் எஞ்சின் என்று எழுதிவிடாமல் இருக்க இந்த ஒரு பூச்சி போதும்.

ஏழாம் படி: வரைவது

ஒரே தாளில் பக்கம் பக்கமாக இரண்டு குறுக்குவெட்டுப் படங்கள் போடுங்கள். இடது பக்கம் ஆட்டுத் தொடை: நடுவே எலும்பு வட்டம், அதைச் சுற்றி முன், பின், உள் தசைகள், நரம்பு, ரத்தக்குழாய்கள், மேலே தோல். வலது பக்கம் வெட்டுக்கிளித் தொடை: வெளியே ஓடு, மேல்பாதியில் பெரிய நீட்டும் தசை, கீழே சிறிய மடக்கும் தசை, நடுவே நாண் தகடு, காற்றுக்குழாய். இரண்டும் பரிணாமத்தில் ஒரே உறுப்பிலிருந்து வந்தவை அல்ல என்பதால், இவற்றைச் செயலொத்த உறுப்புகள் என்று எழுத வேண்டும். ஆட்டுத் தொடையும் கோழித் தொடையும்தான் அமைப்பொத்த உறுப்புகள்.

ட்ரொக்கான்டர் என்ற பெயரைக் குறிக்கும்போது மட்டும் கவனம். பூச்சியில் அது காக்சாவுக்கும் ஃபீமருக்கும் நடுவே தனிக் கணு; ஆட்டிலும் மனிதனிலும் தொடையெலும்பின் மேலேயே இருக்கும் மேடு. மனிதக் காலின் படத்தில் ட்ரொக்கான்டரைத் தனி எலும்பாக வரைந்து அம்புக்குறி போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மதிப்பெண் போவது இங்கேதான்.